சகலைக்குக் கட்டம் இல்லை

"நாலா? எங்க அத்தானுக்கு நாலா? நாப்பத்தெட்டு கட்டுரை எழுதின மனுஷனுக்கு நாலுன்னு போட உங்களுக்கு எப்படிங்க மனசு வந்தது?"

"மனசு எங்கேருந்து வந்தது? மெஷின் போட்டது. அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்தற? கீழ் வீட்டுல கேட்கப்போகுது."

கீழ் வீட்டில் கேட்கத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. சமையலறை ஜன்னல் அகலத் திறந்திருந்தது. எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஒரே சட்டையை மூன்று தடவை உதறினார்கள்.

"கேட்கட்டுமே. சொந்தச் சகலைக்கு நாலு போட்ட மகராசன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

"சகலைன்னா கூட ரெண்டு போடணுமா? நல்லாக் கேட்டுக்கோ. அவரு எழுதினதுல நாலு கட்டுரைய, ஒவ்வொண்ணையும் நாலு பேராவது மேற்கோள் காட்டியிருக்காங்க. அஞ்சாவது கட்டுரைக்கு அஞ்சு பேரு தேறல. அதனால நாலு. இதுல நான் என்ன பண்ண முடியும்?"

"புஸ்தகத்துல மேற்கோள் காட்டினா உங்க மெஷின் எண்ணுமா?"

ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் ஓசையோடு கழுவப்பட்டது.

"...எண்ணாது."

"புஸ்தகத்தோட அடிக்குறிப்ப?"

"அதெப்படி எண்ணும்?"

"சரித்திரக்காரங்க எழுதறது புஸ்தகத்துல. சண்டை போடறது அடிக்குறிப்புல. ரெண்டையும் விட்டுட்டு எண்ணினா நாலு வராம என்ன வரும்? இது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் விஷயமே. தெரியாமல் போட்டிருந்தால் பிழை என்று விட்டுவிடலாம். தெரிந்தே போட்டதற்கு வேறு பெயர் இருக்கிறது. அந்தக் குடியிருப்பில் அது எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்துக்கு நேரே மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'சுட்டெண்'. பல்கலைக்கழக நூலகத்தில், இரண்டாம் தளத்தில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் அவருக்கு உத்தியோகம். எந்தப் பேராசிரியர் எழுதியதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், யார் யாரோடு கூட்டுச் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணி, கடைசியில் ஆளுக்கு ஓர் எண் கொடுப்பதுதான் வேலை. அந்த எண்ணுக்குத்தான் சுட்டெண் என்று பெயர். பதவி உயர்வெல்லாம் அதைப் பார்த்துத்தான். பெரிய பெரிய படிப்பாளிகள்கூட அவர் அறைக்குள் சற்றுக் குனிந்தபடிதான் நுழைவார்கள். வாசல் உயரத்தில் ஒரு குறையும் இல்லை. வேலை வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். கீழ் வீட்டுப் பெண் பாட்டுப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கி வந்து காட்டியபோது, "மொத்தம் எத்தனை பேரு பாடினாங்க?" என்று கேட்டவர் அவர். நான்கு பேர். அந்தப் பெண் இன்னும் அவரைப் பார்த்தால் படியேறாமல் நின்றுகொள்கிறாள்.

மனைவி மருந்தாளர். முச்சந்தி மருந்துக்கடையில் பத்தொன்பது வருஷம். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும், சீட்டை மூக்குக்கண்ணாடிக்கு நேரே ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு மாத்திரையை எடுத்துவிடுவாள். சீட்டில் யாராவது திருட்டுத்தனமாக ஒரு சுழியைக் கூட்டியிருந்தால், "இது டாக்டர் கை இல்லையே தம்பி" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள்.

சகலை என்பவர் அவள் அக்காளின் கணவர். இரண்டு தெரு தள்ளி வீடு. இடைக்கால வரலாற்றுப் பேராசிரியர். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எந்த வயலுக்கு எந்தக் கிழமை மதகைத் திறப்பது என்று எழுதிவைத்த பத்திரக்கட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து வருஷமாக விடாமல் எழுதுகிறார். மாணவர்கள் வைத்த பெயர் 'மதகு'. தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூட ஆள் வேண்டும் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த இரண்டு பேரும் ஒரே வருஷத்தில், ஒரே பேராசிரியரிடம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆராய்ச்சி ஆரம்பித்தவர்கள். மதகு முடித்தார். சுட்டெண் இரண்டு வருஷத்தில் கண் வலிக்கிறது என்று விட்டுவிட்டு நூலகத்துக்கு வந்தார். மதகின் கல்யாணத்துக்கு நண்பராகப் போன இடத்தில்தான் மணப்பெண்ணின் தங்கையைப் பார்த்தார். அப்படிச் சகலை ஆனார். அன்றிலிருந்து மாமனார் வீட்டுக்கு யார் வந்தாலும் அறிமுகம் ஒரே மாதிரிதான். "இவரு பெரிய மாப்பிள்ளை, பேராசிரியர், அஞ்சு நாட்டுல போய்ப் பேசியிருக்காரு. இவரு..." என்று மாமனார் ஒரு வினாடி யோசிப்பார். "இவரு லைப்ரரில இருக்காரு." கை வைத்த நாற்காலி பெரியவருக்கு. கை இல்லாதது இவருக்கு. இருபது வருஷம் கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தவருடைய முதுகு எப்படி இருக்கும் என்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது பல்கலைக்கழகம் ஓர் ஆய்விருக்கை அறிவித்திருந்தது. ஐந்து வருஷம் வகுப்பு எடுக்க வேண்டாம், வளாகத்துக்குள் தோட்டத்தோடு வீடு, கதவில் பித்தளைப் பலகை. மதகின் பெயர்தான் முதலில் இருந்தது. அவர் தாக்கம் எவ்வளவு, கூட்டாளிகள் யார் என்று அளந்து அறிக்கை தரும் வேலை சுட்டெண்ணின் மேசைக்கு வந்தது. கூடவே ஒரு படிவமும் வந்தது: 'மதிப்பிடப்படுபவர் உங்களுக்கு உறவா?' கீழே கட்டங்கள். தந்தை, தாய், கணவர், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தார். அவர் மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். சகலைக்குக் கட்டம் இல்லை. 'உறவு இல்லை' என்பதில் நிம்மதியாக ஒரு டிக் அடித்தார். வாழ்க்கையில் அதுவரை அவர் அடித்த டிக்குகளில் அதுதான் அழகானது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டை எப்படி முடிந்தது என்றால், அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கையால எண்ணுங்க. புஸ்தகம் புஸ்தகமா எடுத்து எண்ணுங்க. இல்லன்னா நாளைக்கு நானே உங்க டைரக்டரம்மாகிட்ட வந்து, இவரு என் புருஷன், அவரு எங்க அத்தான்னு சொல்லிட்டுப் போறேன்."

"எண்ணிட்டாப் போச்சு. என்ன, நாலு அஞ்சாகும். அதுக்கப்புறம் வாயத் திறக்கக்கூடாது."

சொல்லிவிட்டாரே தவிர, ஒரு முள் உள்ளே இறங்கிவிட்டது. அக்காள் புருஷனுக்கு ஒரு எண் குறைந்தால் இவளுக்கு ஏன் இப்படிக் கண் சிவக்கிறது? தன் சொந்தப் புருஷன் பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனபோது, "போனாப் போகுது விடுங்க" என்று சொன்ன அதே வாய் அல்லவா?

மறுநாளிலிருந்து பத்து நாள் மூன்றாம் தளத்தில் இடைக்கால வரலாற்று அலமாரிகளுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சகலையை எடுத்துச் சொல்லும் ஒவ்வொரு அடிக்குறிப்பிலும் ஒரு சீட்டுச் செருகினார். பாராட்டினால் பச்சை, மறுத்தால் சிவப்பு. முதல் நாள் முடிவில் இருபத்தாறு. ராத்தூக்கம் போச்சு. மூன்றாம் நாள் எண்பதைத் தாண்டியது, சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் மத்தியானம்தான் அவருக்கு நல்ல காலம் பிறந்தது. சிவப்புச் சீட்டு தீர்ந்துவிட்டது. வாங்கிவர ஸ்டேஷனரிக் கடைக்குப் போனவர் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மதகு ஒரு கட்டுரை எழுதினார். பத்திரக்கட்டு முழுக்க ஒரே எழுத்தர், ஒரே வருஷத்தில் எழுதியது. ஆகவே ஊர்த் தண்ணீர்ச் சட்டம் மொத்தமும் ஒரே அரசனின் வேலை என்று அடித்துச் சொன்னார். அதன்பிறகு உலகத்தில் இடைக்காலத்தைப் பற்றி யார் புத்தகம் எழுதினாலும், அடிக்குறிப்பில் ஒரு கணம் நின்று இவருக்கு ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் மேலே போனார்கள். இரண்டு எழுத்தர், அறுபது வருஷ இடைவெளி, இது கூடவா தெரியவில்லை என்று. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள். அதில் சிவப்பு நூற்று நாற்பத்து மூன்று.

இதை இன்னொருவர் முன்னால் போட்டு உடைக்காவிட்டால் என்ன சுகம்? எண்ணி முடித்த வார இறுதியில் சகலை வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு நடுவில், தண்ணீர் கேட்பதுபோல ஆரம்பித்தார்.

"சகல, உங்கள இருநூத்திப் பன்னெண்டு இடத்துல சொல்லியிருக்காங்க. கையால எண்ணினேன்."

"அடேயப்பா!" என்றார் மதகு.

"அதுல நூத்தி நாப்பத்தி மூணு இடத்துல தப்புன்னு சொல்லியிருக்காங்க."

காத்திருந்தார். மதகு நிதானமாக மென்று முடித்து, மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? இருநூத்திப் பன்னெண்டு!"

"திட்டியிருக்காங்க சகல. ரெண்டு எழுத்தர்னு அத்தனை பேரும்—"

"திட்டணும்னா முதல்ல படிக்கணுமில்ல? உன்ன யாராவது திட்டியிருக்காங்களா சகல, அச்சுல?"

அக்காள் சிரித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். ஆனாலும் தோள் குலுங்கியது. சுட்டெண்ணுக்கு அந்தச் சிரிப்புகூடப் பெரிதாகப் படவில்லை. 'ரெண்டு எழுத்தர்' என்று அவர் சொன்ன மாத்திரத்தில் தன் மனைவி தலை நிமிர்ந்து அத்தானைப் பார்த்ததையும், அத்தான் சட்டென்று தட்டைப் பார்த்துக்கொண்டதையும் அவர் கண் பிடித்துவிட்டது. யார் யாரை எடுத்துச் சொல்கிறார்கள் என்று இத்தனை வருஷம் பார்த்த கண். அது சும்மா இருக்குமா?

மிச்சமிருந்தது கூட்டாளிகள் பகுதி. அதில் அவருக்குக் கவலையே இல்லை. சகலை யாரோடும் சேர்ந்து எழுதாதவர்; கூட்டாளி குறைந்தால் மதிப்பும் குறையும். ஒரே ஒரு கட்டுரையில் பழைய ஆசிரியர் பெயர் கூட இருக்கிறது. ஆசிரியரும் போய்ச் சேர்ந்துவிட்டார். 'கூட்டு ஆய்வாளர்: 1' என்று எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளியை அழுத்தி வைத்தார். ஒழுங்காக மூடி வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். குனிந்து கடைசியாக ஒரு கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்தார். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'மூன்றாம் பத்திரத்தின் சிதைந்த வரிகளைப் படிக்க உதவிய மருந்தாளர் ஒருவருக்கு நன்றி.'

அடுத்ததை எடுத்தார். 'இந்தக் கையெழுத்தை அடையாளம் காட்டிய மருந்தாளருக்கு நன்றி.' அதற்கடுத்தது. 'வழக்கம்போல, மருந்தாளருக்கு.'

வழக்கம்போலவா!

முக்காலி சாய்ந்து விழப்பார்த்தது. பிடித்துக்கொண்டு, கட்டுரைகள் நாற்பத்தெட்டையும் தரையில் பரப்பினார். முப்பத்தொன்றில் மருந்தாளர் இருந்தார். பெயர் இல்லை, 'ஒருவர்'தான். முதல் நன்றிக்கு வயது பதினொன்று. இந்த ஊரில் மருந்துக்கடை ஒன்பது, மருந்தாளர் பதினாறு பேர் என்று மனசு தப்பிக்க ஓர் ஓட்டை தேடியது. ஆனால் வேறு எந்த மருந்தாளர் அத்தானுக்கு எண் குறைந்ததற்குப் பாத்திரத்தை அப்படிப் போட்டுக் கழுவுவாள்?

அவர் வயிறு எரிந்தது. சகலையைப் பார்த்து எரிந்து பழகிய வயிறுதான். ஆனால் இந்த எரிச்சல் வேறு இடத்தில் எரிந்தது. மனைவி ஃபோனைப் பெரிதுபண்ணிப் பெரிதுபண்ணிப் பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. "ஸ்டாக் லிஸ்ட்" என்பாளே. பதினோரு வருஷமாகவா ஸ்டாக் லிஸ்ட்? அசிங்கமாக எதுவும் இருக்காது என்று அவருக்குத் தெரியும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை, அவனும் தண்ணீரைத் தவிர வேறொன்றைக் கண்ணால் பார்க்கிறவன் இல்லை. தெரிந்தும் மனசு போகக்கூடாத சந்துக்கெல்லாம் போய்விட்டுத்தான் திரும்பியது.

நேரே மருந்துக்கடைக்குப் போனார். பிற்பகல் மூன்று மணி, கடையில் கூட்டமில்லாத நேரம். அவள் கவுன்ட்டருக்குப் பின்னால் முழங்கையை ஊன்றி, பூதக்கண்ணாடியை ஃபோனுக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டாக் லிஸ்டா?" என்றார்.

அவள் பதறவில்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது. "இல்ல. நாப்பத்தோராம் பத்திரம். அத்தான் நேத்து அனுப்பினாரு. இந்த எழுத்தருக்குக் கை நடுங்குது பாருங்க. வயசாயிடுச்சு பாவம்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"பதினோரு வருஷமா. நன்றி பாத்துட்டீங்களா? முப்பத்தொண்ணு இருக்கணுமே."

"எண்ணி வச்சிருக்கியா நீ?"

"உங்க பொண்டாட்டிதானே நான்?"

இருமல் மருந்துக்கு ஒருவர் வந்தார். அவர் சீட்டை நீட்டி, இவள் எடுத்துக் கொடுத்து, அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துப் போகும்வரை சுட்டெண் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். மூணு தடவ சொன்னேன். முதல் தடவ நியூஸ் பாத்துட்டிருந்தீங்க. ரெண்டாவது தடவ, டாக்டர் கிறுக்கலப் படிக்கிறதும் இதுவும் ஒண்ணான்னு சிரிச்சீங்க. மூணாவது தடவ, நன்றியெல்லாம் கணக்குல வராதுன்னீங்க."

மூன்றாவது அவருக்கு நினைவிருந்தது. சொல்லியிருந்தார். அலுவலக விதியும் அதுதான்.

"அந்த 'ஒரே எழுத்தர்' கட்டுரை," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அதுதான் அத்தான் முதல் தடவ எனக்கு அனுப்பினது. ரெண்டு கை அத்தான், இந்தச் சுழி மேலேருந்து வருது, அது கீழேருந்து வருதுன்னு அன்னைக்கே சொன்னேன். நீ மாத்திரையப் பாரு பாப்பான்னாரு. அச்சுல வந்ததும் அத்தனை பேரும் குட்டினாங்க. அதுக்கப்புறம் என்னைக் கேக்காம ஒரு வரி எழுதினதில்ல."

சுட்டெண்ணின் தலைக்குள் தானாகவே கணக்கு ஓடியது. அவள் பேச்சைக் கேட்காமல் எழுதிய ஒரு கட்டுரைக்கு நூற்று நாற்பத்து மூன்று சிவப்பு. அவள் பார்த்துக் கொடுத்த முப்பத்தொன்றுக்கு ஒரு சிவப்புகூட இல்லை. சரியாக இருப்பதால் சண்டை இல்லை, சண்டை இல்லாததால் பச்சையும் சொற்பம். சகலைக்கு உலகப் புகழ் வந்தது அவள் சொல்லைத் தட்டியதால். மனிதர்களை எண்ணி எண்ணியே காலம் தள்ளியவருக்கு இப்படி ஒரு கணக்கு எதிரே வந்தது இதுதான் முதல் தடவை.

"அந்த நாலுல என் பங்கும் இருக்குங்க," என்றாள். "அதான் அன்னைக்குக் கத்தினேன்."

"பேரு போடச் சொல்லி அவர்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். மருந்துக்கடைக்காரின்னா யாரு நம்புவாங்கன்னாரு. கோபமெல்லாம் இல்ல, பிரியமாத்தான் சொன்னாரு." பூதக்கண்ணாடியைத் துடைத்தாள். "நீங்க போடுங்களேன். அறிக்கை உங்க கையிலதானே இருக்கு."

வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் அறிக்கையோடு மல்லுக்கட்டினார். அதில் ஒரு வரியைச் சேர்ப்பார்: 'பெயர் குறிப்பிடப்படாத கூட்டாளி, 31 கட்டுரைகள்.' பிறகு அழிப்பார். அந்த வரி உள்ளே வந்தால் சகலையின் பெருமையில் முக்கால் பங்கு கரைந்துவிடும். நினைத்தாலே தேனாக இருந்தது. ஆனால் கரைந்தது எங்கே போய்ச் சேரும்? தன் வீட்டுக்குத்தான். நாளைக்கு மாமனார் வீட்டில் கை வைத்த நாற்காலியில் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பாள். சகலைமேல் பொறாமைப்படுவது பழகிவிட்டது, பழைய செருப்பு மாதிரி, கடிக்காது. பெண்டாட்டிமேல் பொறாமைப்படுவது எப்படி? ஒரே வீட்டில், ஒரே குழாயில் முகம் கழுவிக்கொண்டு? வரியைச் சேர்த்தார். அழித்தார். சேர்த்தார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சகலைக்குத்தான் கட்டம் இல்லை; மனைவிக்கு இருந்தது. அவள் பெயர் அறிக்கையில் ஏறினால் படிவத்தில் டிக்கை மாற்ற வேண்டும். மாற்றினால் அறிக்கை கையை விட்டுப் போய்விடும். பெயரை விழுங்கிவிட்டால் 'கூட்டாளி: 1' என்று தன் கையாலேயே முடித்து அனுப்பலாம். கூட்டாளி குறைந்து சகலைக்கும் மதிப்பு இறங்கும், மனைவியும் எழும்பமாட்டாள். இரண்டு பொறாமைக்கும் ஒரே மருந்து. அவள் பார்வையில் படாமல் அதை விழுங்க முடிந்தால்.

மூன்றாம் நாள் காலை, அவள் சாப்பாட்டு டப்பாவை நீட்டியபடி கேட்டாள்: "போட்டீங்களா?"

"போடப்போறேன்."

"நீங்களும் 'ஒருவர்'னு போட்டுடாதீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. எதிர் மாடியில் காது கொடுத்தவர்களுக்குக்கூட அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பத்தரை மணிக்கு அவர் டைரக்டரம்மாவின் அறையில் நின்றார். அந்த அம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். அவர் நீட்டிய இரண்டு தாள்களையும் படித்தாள். ஒன்று இருநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்களும் முப்பத்தொரு நன்றிகளும் மருந்தாளரின் முழுப்பெயரும் உள்ள அறிக்கை. இன்னொன்று 'மனைவி' என்ற கட்டத்தில் டிக் அடித்த புதுப் படிவம்.

"மருந்தாளர் உங்க மனைவியா?"

"ஆமாம் மேடம்."

"அப்ப பேராசிரியர் உங்களுக்கு என்ன வேணும்?"

"சகலை."

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"கட்டம் இல்ல மேடம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, அவருக்கு ஒரு மெமோ எழுதினாள். அறிக்கை பக்கத்து அறைக்காரரிடம் போனது. அவர் ஒவ்வொரு சீட்டையும் திரும்ப எண்ணி, எண் சரிதான் என்று கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே மதகு வீடேறி வந்துவிட்டார். குடியிருப்புக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான பேச்சு.

"என் காலை வாரிட்டியே சகல! இருபது வருஷமா மனசுல வச்சிருந்து வாரிட்டியே!"

"நான் உள்ளதத்தான் எழுதினேன்."

"உள்ளதா? உனக்கு வயித்தெரிச்சல்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

"வயித்தெரிச்சல்தான். ஆனா முப்பத்தொண்ணு முப்பத்தொண்ணுதானே?"

அக்காளும் பின்னாலேயே வந்திருந்தாள். தங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, அத்தானுக்கு ஒரு உதவி பண்ணினேன்னா அத ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா? பேருக்கு இவ்வளவு அலைச்சலா உனக்கு?"

"ஆமாக்கா, அலைச்சல்தான். உன் வீட்டுக்காரர் பேரு நாப்பத்தெட்டு தடவ வந்திருக்கு. என் பேரு ஒரு தடவ வந்தா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அக்காள் விடுவிடென்று படியிறங்கிப் போனாள். அவள் விட்டுப்போன குடை இரண்டு மாதம் அந்த வீட்டு மூலையிலேயே கிடந்தது.

தேர்வுக்குழுவுக்கு வெளியிலிருந்து வந்த நிபுணர், மதகை மறுத்து எழுதியவர்களிலேயே வாய் நீளமானவர். நூற்று நாற்பத்து மூன்றில் பத்தொன்பது சிவப்பு அவருடையது மட்டும். மதகின் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவரோ எழுந்து, "இவரு மட்டும் அன்னைக்கு அந்தத் தப்பப் பண்ணலன்னா எங்கள்ல பாதிப் பேருக்கு வேலையே கிடைச்சிருக்காது. இருக்கையை இவருக்கே கொடுங்க" என்றார். கொடுத்துவிட்டார்கள். சுட்டெண் அன்று வீடு வரும் வழியில் தன் படிக்கட்டைத் தாண்டி அடுத்த வாசல்வரை நடந்து போய்விட்டார்.

ஆனால் அந்த நிபுணர் போவதற்கு முன் இன்னொன்றும் கேட்டார். "அந்த மருந்தாளர் எங்கே இருக்காங்க?" மருந்துக்கடைக்கே போய், பையிலிருந்து எட்டுப் பத்திரங்களின் படங்களை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார். அவள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பார்த்து, மூன்று குவியலாகப் பிரித்தாள். அவர் நான்கு வருஷம் இழுத்து இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தவை. "நான் அஞ்சு வருஷம் வேணாலும் உங்களோட சண்டை போடலாம், ஆனா நீங்க சொல்றதுதான் சரின்னு படுது" என்றாராம். அவர் ஊர் ஆவணக் காப்பகத்தில் கையெழுத்துப் பிரித்தறிய ஆள் வேண்டும், இரண்டு வருஷ வேலை, வருகிறீர்களா என்று கேட்டார்.

அவள் அதை வீட்டில் சொன்னபோது சுட்டெண் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கூட வாங்களேன்," என்றாள்.

"அங்க எனக்கு என்ன வேலை?"

"எண்ணறதுக்கு எந்த ஊர்லதான் ஆள் வேண்டாம்?"

"யோசிக்கிறேன்" என்றார். அவள் ஒரு வியாழக்கிழமை இரண்டு பெட்டியோடு கிளம்பினாள். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தவர் அவர்தான். வண்டி திரும்பும்வரை நின்றார். பிறகு மேலே போய், ஞாயிற்றுக்கிழமைபோலச் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தனியாகப் பாத்திரம் கழுவினார்.

அதன்பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதகும் அக்காளும் வளாகத்து வீட்டுக்குக் குடிபோனார்கள். அவர்கள் மகள் ஒரு பல் மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கை வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள், அக்காள் அவளிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். மதகின் புதுப் புத்தகம் வெளிவந்தது; அட்டையில் இரண்டு பெயர், இரண்டாவது கொஞ்சம் சின்ன எழுத்தில். குழுவுக்கு வந்த நிபுணரை ரயிலேற்றிவிடப் போன டைரக்டரம்மா அடிக்கடி ரயில் நிலையம் போக ஆரம்பித்து, ஐம்பத்து மூன்றாம் வயதில் அவரையே மணந்துகொண்டு வேலையை விட்டுப் போனாள். பக்கத்து அறைக்காரர் டைரக்டர் ஆனார்.

சுட்டெண் எட்டு மாதம் தாக்குப்பிடித்தார். ஒன்பதாம் மாதம் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டை ஒரு வயலின் ஆசிரியருக்கு வாடகைக்கு விட்டு, மனைவி இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவளுக்குக் காப்பகத்தில் தனி அறையாம், கதவில் பெயர்ப்பலகையாம். இவர் மத்தியானம் சாப்பாட்டு டப்பா கொண்டுபோய்க் கொடுக்கிறாராம். அவள் எழுதிய முதல் கட்டுரையை இதுவரை ஏழு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கீழ் வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்து சொன்னார். பெருமையாகச் சொன்னாரா, பொருமிக்கொண்டு சொன்னாரா என்று கீழ் வீட்டுக்காரரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.